ஒரு சதவீதத்துக்குள்

மாதேஸ்வரியின் பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு, வைவா, தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் என் கேள்வி தொண்டை வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே கேள்விதான். கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த கணக்கை நடுவில் நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும். கேட்க ஐந்து விநாடி போதும். கேட்டதும் இந்த ஹாலில் இருக்கும் நாற்பது தலையும் என் பக்கம் திரும்பும், முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் அவளுடைய கைடு, பேராசிரியர் குலசேகரன் மட்டும் திரும்பமாட்டார், அவருடைய பிடரி மெல்லச் சிவக்கும், அதைப் பார்க்கத்தான் பத்து மணிக்கே வந்து, ஏசி சொட்டும் இடத்தில் வைத்த பிளாஸ்டிக் வாளிக்குப் பக்கத்தில், அவர் பிடரி நேராகத் தெரிகிற நாற்காலியாகப் பார்த்துப் பிடித்திருக்கிறேன். வைவாவுக்கு வந்தவர் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது சட்டம். யாரும் கேட்பதில்லை என்பது வழக்கம். ஒருவரும் கேட்காவிட்டால் வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் முன்னால் துறையின் மானம் போகும் என்பதால் முதல் நாளே இரண்டு ஜூனியர்களைப் பிடித்து ஆளுக்கு ஒரு கேள்வி கொடுத்து வைப்பார்கள், பட்டம் வாங்குகிறவள் இரண்டுக்கும் பதிலை மனப்பாடம் பண்ணி வைத்திருப்பாள், அவர்கள் எழுந்து கேட்பார்கள், இவள் யோசிக்கிற மாதிரி ஒரு நொடி மேலே பார்த்துவிட்டுச் சொல்வாள், எக்ஸாமினர் தலையாட்டுவார், எல்லோரும் சமோசாவுக்குப் போவார்கள். அந்தக் கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பது இந்தத் துறையில் பல வருஷமாக நான்தான். நேற்றுகூட மாதேஸ்வரி வந்து, மேடம் எனக்கு ரெண்டு குடுங்க என்று கேட்டாள், கொடுத்தேன். மூன்றாவதை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

திரையில் கோள் வந்திருக்கிறது. பூமியைவிடப் பத்து மடங்கு எடை, எங்கோ ஒரு நட்சத்திரத்தைச் சுற்றுகிறது, அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, யாரும் அங்கே போகப்போவதும் இல்லை, அதன் வயிற்றுக்குள் பாறை எப்படிப் புரளும் என்று கணக்குப் போட்டுத்தான் இந்தக் கட்டடத்தில் இத்தனை பேர் சோறு தின்கிறோம். மேலோட்டுக்கும் நடுக் கருவத்துக்கும் இடையே கிடக்கும் கனத்த அடுக்கு, மேன்டில் என்று பெயர், கல்தான், ஆனால் கோடிக்கணக்கான வருஷம் கொடுத்தால் கல்லும் நகரும், அடியில் சூடானது மேலே வரும், மேலே ஆறினது கீழே இறங்கும், பள்ளிக்கூடத்தில் வெப்பச்சலனம் என்று படித்ததுதான். குலசேகரன் எந்தக் கல்லூரி விழாவுக்குப் போனாலும் சாம்பார் கொதிப்பதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார், கூட்டம் சிரிக்கும், பிறகு சட்டி பெரிதானால் கொதி அதிகம் என்பார், கோள் பெரிதானால் உள்ளே புரளல் அதிகம், புரளல் அதிகமானால் மேலே ஓடு உடைந்து நகரும், எரிமலை வரும், காற்று வரும், கடல் வரும், உயிர் வரும். கைதட்டல் வரும். அவர் அடுப்படிப் பக்கம் போய் எத்தனை வருஷம் ஆயிற்றோ. பெரிய கோளில் அழுத்தம் பயங்கரம். அடியிலிருந்து கிளம்பும் சூடான பாறை மேலே வர வர அழுத்தம் குறையும், குறையக் குறைய அது விரியும், விரிவதற்குத் தன் சூட்டையே செலவழிக்கும், பாதி வழி வருவதற்குள் பக்கத்துப் பாறைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும், அதற்கு மேல் ஏற அதற்கு என்ன காரணம் இருக்கிறது. நின்றுவிடும். எனக்கு இது பதினோரு வருஷத்துக்கு முன்பே தோன்றியது. மாதேஸ்வரி அடுத்த ஸ்லைடுக்குப் போகிறாள், லேசர் புள்ளி திரையில் நிற்காமல் அலைகிறது.

இந்தக் கணக்கைப் போடும் ப்ரோகிராமில் நானூற்றுப் பன்னிரண்டாவது வரி. என் பிறந்த தேதி மறந்தாலும் அது மறக்காது. மேற்பரப்பு வழியாக வெளியேறும் வெப்பம் தொடர்ந்து ஆயிரம் படிக்கு ஒரு சதவீதத்துக்குள் மட்டுமே மாறினால், கோள் ஒரு நிலைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள், கணக்கை நிறுத்து. நான் எழுதினதுதான். அப்போது துறையில் இருந்தது ஒரே ஒரு பெரிய மெஷின், ஆறு பேர் வரிசையில் காத்திருப்போம், மத்தியானம் கரண்ட் போகும், ஓடினது பாதியில் செத்துப்போகும், அதனால் தேவைக்கு மேல் ஒரு நிமிஷமும் ஓடக்கூடாது என்று அந்த வரியைப் போட்டேன். பூமி அளவுள்ள கோளுக்கு அதில் தப்பே இல்லை, மேலே அடங்கினால் கீழேயும் அடங்கியிருக்கும். பத்து மடங்குக்கு வந்தபோதுதான் ஒரு நாள் அடியில் இருக்கும் வெப்பநிலையைத் தனியாக எழுதிப் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை, சும்மா இருந்திருக்கலாம். மேலே எல்லாம் அடங்கிக் கிடந்தது, கீழே ஏறிக்கொண்டே இருந்தது, மிக மெதுவாக, நாலாவது தசமத்தில், கவனிக்காமல் விட்டால் யாருக்கும் தெரியாத அளவுக்கு. வரியை எடுத்துவிட்டு ஓடவிட்டேன். மூன்றாம் நாள் குலசேகரன் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார், வெளிநாட்டு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப அவருக்கு அதுதான் கடைசி வாரம். அடியில் இன்னும் மாறிக்கொண்டே இருக்கிறது சார், இரண்டு மாசமாவது ஓட வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை, அவரிடம் சகிக்க முடியாதது அதுதான். “மேல வர்ற நம்பரத்தானம்மா பேப்பர்ல போடப்போறோம்? அது செட்டில் ஆயிடுச்சு. அந்த வரியத் திரும்பப் போட்டுரு.” போட்டேன். என் விரல்தான் போட்டது. அவர் சரி என்று என் தோளுக்கு மேலே தலையாட்டிவிட்டு காபி குடிக்கப் போனார்.

கட்டுரை வந்தது. இரண்டு பேர் பெயர், குலசேகரன், கூட ஒரு வெளிநாட்டுக்காரர், அவர் இந்தக் கணக்கைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. என் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், கம்ப்யூட்டர் சென்டருக்கும் நிர்வாகத்துக்கும் பிறகு. ஒரு பத்திரிகை பெரிய கோள்களில் உயிர் இருக்கலாம் என்று அவர் படத்தோடு செய்தி போட்டது, படத்தில் அவர் கையை நீட்டிக் காட்டுகிற திரை என்னுடையது, ஓரத்தில் என் தண்ணீர் பாட்டில்கூடத் தெரியும். அதே முடிவை வைத்து நீயும் தீசிஸ் எழுதிவிடு என்றார். மாட்டேன் என்று நான் சொல்லவில்லை, அவ்வளவு தைரியம் எனக்குக் கிடையாது, எழுதுகிறேன் சார் என்று சொல்லிவிட்டு எழுதாமல் இருந்தேன். முன்னுரை எழுதினேன், பின்னிணைப்பு எழுதினேன், நடுவில் அந்த ஒரு அத்தியாயம் மட்டும் கைக்கு வரவில்லை. பதிவுக் காலம் முடிந்தது, நீட்டித்தார்கள், அதுவும் முடிந்தது. பிறகு அவரே இரக்கப்பட்டு என்னை ப்ராஜெக்டில் வைத்துக்கொண்டார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு, அதற்கு அவர் கையெழுத்து வேண்டும், வருஷத்துக்கு இரண்டு தடவை அவர் அறை வாசலில் நிற்கிறேன், உள்ள வாம்மா ஏன் வெளியில நிக்கற என்பார். அக்கா மகள் கல்யாணப் பத்திரிகையில் என்னை டாக்டர் ஜெசிந்தா என்று அச்சடித்துவிட்டார்கள், பல்கலைக்கழகத்தில் இத்தனை வருஷமாக இருக்கிறவள் வேறு என்னவாக இருப்பாள் என்று அவர்களாக நினைத்துக்கொண்டது, நான் எடுக்கச் சொல்லவில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உப்பை வறுத்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம். அம்மா இறந்தபோது கல்லறை வரைக்கும் வந்தார், வேகாத வெயில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, சாமியார் ஜெபம் முடிக்கும் வரைக்கும் நகரவில்லை. அன்றைக்கு அவரை வெறுக்க முடியாமல் போனதற்காக அவரை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன். அடித்தவனைத் திட்டலாம், திருடினவனைத் திட்டலாம், என்னுடையதை எடுத்துக்கொண்டோம் என்றே தெரியாமல் எடுத்துக்கொண்டவரை என்ன சொல்லித் திட்டுவது. நினைத்துப் பார்த்தால் அவருக்கு அந்த நாள் ஞாபகம்கூட இருக்காது. மேல வர்ற நம்பர் என்று சொன்னதை நான் ஒரு நாளைக்கு மூன்று வேளை நினைத்துக்கொள்கிறேன், சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை மாதிரி, அவர் அதைச் சொன்ன அடுத்த நிமிஷம் காபியில் சர்க்கரை குறைவு என்று கேன்டீன்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். இப்போது அவர் தலை லேசாக ஆடுகிறது, மாதேஸ்வரி சொல்வது அவருக்குத் திருப்தி. வாளியில் சொட்டு விழுகிறது. எண்ண ஆரம்பித்துவிட்டேன், நிமிஷத்துக்கு இருபத்திரண்டு, அடுத்த நிமிஷம் இருபத்திரண்டு, அதற்கடுத்ததும் அப்படியே. இதையும் நிலைக்கு வந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளலாம், வாளி நிறைகிற வரைக்கும்.

போன மே மாதம் விடுமுறை, புது மெஷின் சும்மா கிடந்தது. பழைய ப்ரோகிராமை எடுத்தேன், அந்த வரியைச் செயலிழக்க வைத்தேன், பத்தொன்பது நாள் ஓடியது. தினமும் காலையில் வந்து கைப்பையை வைப்பதற்கு முன்னால் திரையைப் பார்ப்பேன். முதல் வாரம் ஒன்றும் இல்லை, அவர் சொன்ன கோள்தான், அருமையாகப் புரண்டுகொண்டிருந்தது, எனக்கு நெஞ்செரிச்சல் வந்துவிட்டது, அவர் சொன்னதே சரியாக இருந்துவிட்டால் என்ற பயம், அப்படியானால் நான் எதற்காகத் தீசிஸ் எழுதவில்லை, எதற்காக இப்படி ஆனேன், அந்த ஒரு வாரம் எனக்கு இறங்கினது ரசம் சாதம்தான். ஒன்பதாம் நாள் மேல்பக்கம் தடிக்க ஆரம்பித்தது. ஆரம்பத்தில் நாங்களே போட்டுக் கொடுத்த சூட்டில்தான் அது அத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறது, அந்தச் சூடு தீரத் தீர ஆட்டமும் குறைந்தது. பதினான்காம் நாள் அடியிலிருந்து ஒரு சூடான தூண் கிளம்பியது, திரையில் நல்ல சிவப்பு, பாதி தூரம் வந்தது, ஆரஞ்சானது, மஞ்சளானது, பக்கத்துப் பாறையோடு பாறையாகக் கலந்து காணாமல் போனது. அதற்கு மேலே ஆயிரம் கிலோமீட்டர் தடிமனுக்கு அசையாத மூடி. எரிமலை இல்லை, காற்று இல்லை, கடல் இல்லை. நான் அழுதேன், சந்தோஷத்தில் அழுதேன், ஒரு கோள் செத்துப்போனதற்கு. படத்தைப் பென்டிரைவில் போட்டுக் கைப்பையில் வைத்தேன், இப்போதும் இருக்கிறது, தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். அன்றைக்கே அதை மாதேஸ்வரியின் மேஜையில் கொண்டுபோய் வைத்திருக்கலாம். அவள் அதற்குள் தீசிஸைக் கொடுத்துவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஓட்டம் முடிந்தது மே இருபத்தெட்டு. அவள் கொடுத்தது ஜூன் பன்னிரண்டு.

அவளுடைய அப்பா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மாதையன், பென்னாகரம் பக்கத்தில் மின்சார வாரியத்தில் லைன்மேன், கம்பத்தில் ஏறி ஏறிக் காய்ந்துபோன கை, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. இங்கிலீஷில் நடப்பது ஒன்றும் அவருக்குப் புரியாது, ஆனாலும் பெண் கையை நீட்டுகிற பக்கமெல்லாம் அவர் தலை போகிறது. காலையில் வாசலில் ஸ்வீட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, நீங்கதான் ஜெசிந்தா மேடமா என்று கேட்டார், பொண்ணு போன்ல பேசறப்ப உங்க பேருதான் சொல்லுவா, எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுன்னுவா என்றார். நான் சிரித்தேன், அது என்ன சிரிப்போ. அவளுக்கு ஜெர்மனியில் ஓரிடத்தில் வேலை வந்திருக்கிறது, மார்ச்சில் சேர வேண்டும், அதற்கு இந்தப் பட்டம் இன்றைக்குக் கிடைத்தாக வேண்டும். நான் கேட்டால் என்ன ஆகும். எக்ஸாமினர் விவரமானவர், ஹைதராபாத்திலிருந்து இதற்கென்றே வந்திருக்கிறார், நான்காம் அத்தியாயமும் ஐந்தாம் அத்தியாயமும் என் பழைய ப்ரோகிராமின் அந்த ஒரு வரிமேல்தான் நிற்கின்றன என்று அவருக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிடும், திருத்தி எழுதச் சொன்னால் ஒரு வருஷம், ஜெர்மனி போயிற்று. குலசேகரனுக்கு என்ன ஆகும், ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று ஒரு மனசு சொல்கிறது, பிடரியாவது சிவக்கும் என்கிறது இன்னொன்று. ஒருத்தர் பிடரி சிவப்பதற்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பதில் வர வேண்டிய இடத்தில் அவள் இரண்டாம் வருஷம் ஒரு மத்தியானம் என் மேஜைக்கு வந்து நின்றது வந்தது, கையில் டிபன் பாக்ஸ், வேண்டாம், அது இப்போது எதற்கு. தப்பு என்றால் தப்புதான். அறிவியல் என்று ஒன்று இருக்கிறது, யாராவது ஒருத்தர் எழுந்து சொல்லத்தான் வேண்டும்.

எக்ஸாமினர் ஆரம்பித்துவிட்டார். நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு படத்துக்கு அளவு போடவில்லை, நூற்றுப் பன்னிரண்டில் ஒரு கட்டுரையின் வருஷம் தப்பு, பாறையின் பாகுத்தன்மையை ஏன் இந்த அளவில் வைத்தாய். அவள் நன்றாகத்தான் சொல்கிறாள். எனக்கு இப்போது வேறு பயம் வந்துவிட்டது. என் ஓட்டமே தப்பாக இருந்தால். ஒரே ஒரு தடவைதானே ஓட்டினேன், கணக்குக்காகக் கோளைப் பிரித்த கட்டங்களை இன்னும் பொடியாக்கி இன்னொரு தடவை ஓட்டியிருக்க வேண்டாமா, நானே ஒரு மாணவியிடம் கேட்டிருப்பேனே, எத்தனை தடவை சரிபார்த்தாய் என்று. அது ஒரு பக்கம். எழுந்தால் குரல் வருமா, வந்தால் இங்கிலீஷ் வருமா, பட்டம் வாங்காத ஒருத்தி பட்டம் வாங்கப்போகிறவளைக் கேள்வி கேட்கிறாள் என்று முன்வரிசையில் யாராவது குனிந்து காதில் சொல்வார்களா. சொல்லட்டும். பதினோரு வருஷம் கேட்காத கேள்வியை இன்றைக்கும் கேட்காமல் வீட்டுக்குப் போனால், ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் என்னை நானே என்ன சொல்லிக்கொள்வேன் என்று எனக்குத் தெரியும், அந்த வசை எனக்கு மனப்பாடம். கைப்பை மடியில் இருக்கிறது. எக்ஸாமினர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மற்றவர்கள் கேட்கலாம் என்கிறார்.

முதல் ஜூனியர் எழுந்தான், என் கையெழுத்தைப் படித்தான், பாறையில் தண்ணீர் கலந்திருந்தால் முடிவு மாறுமா. மாதேஸ்வரி ஒரு நொடி மேலே பார்த்துவிட்டுச் சொன்னாள். இரண்டாவது பெண் எழுந்தாள், என் சீட்டைப் பார்க்காமலேயே ஒப்பித்தாள், கருவம் திரவமாக இல்லாவிட்டால் என்ன. அதற்கும் சொன்னாள். குலசேகரன் எழுவதற்கு நாற்காலியின் கையைப் பிடித்துவிட்டார், பின்வரிசையில் இரண்டு பேர் செருப்பை மாட்டிக்கொண்டார்கள், வெளியே தட்டுகள் வைக்கிற சத்தம் கேட்டது. வேறு யாராவது என்று எக்ஸாமினர் சொன்னது கேள்வியாகக்கூட இல்லை, என் கை எழுந்துவிட்டது. எழுந்து நின்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது, ஆனால் வார்த்தை தடுமாறவில்லை, இத்தனை வருஷம் சொல்லிப் பார்த்த வாக்கியமல்லவா. ஒரு சதவீதத்தில் நிறுத்தாமல் விட்டிருந்தால் இந்தக் கோள் என்ன ஆகியிருக்கும், நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்தாயா என்று கேட்டேன். எக்ஸாமினர் கழற்றின கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிடரி சிவக்கவில்லை. குலசேகரன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார், முகத்தில் கோபம் இல்லை, ஆர்வம் மாதிரி ஏதோ இருந்தது.

மாதேஸ்வரி மேலே பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது என்று நான் சொல்ல மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள், பதிலை எங்கே வைத்தேன் என்று தேடுகிறவள் போல நின்றாள், அந்த நிற்பைப் பார்த்ததும் அந்த மத்தியானம் முழுசாக வந்துவிட்டது, இனிமேல் வேண்டாம் என்று தள்ள இடமில்லை. டிபன் பாக்ஸில் ராகிக் களி, ஊரிலிருந்து வந்த அன்றைக்கெல்லாம் கொண்டுவருவாள். சாப்பிட உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள். மேடம், களி மேல பாத்தா அடங்கின மாதிரிதான் இருக்கும், அடில வெந்துக்கிட்டே கிடக்கும், நம்ம கோளும் அப்படி இருந்தா, அந்த வரிய எடுத்துட்டு ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டுமா. எனக்கு ஐந்து வருஷம் பிடித்தது அந்த இடத்துக்கு வர. அவள் ஒரு கிண்ணம் களியோடு வந்து சேர்ந்துவிட்டாள். அன்றைக்கு எனக்குத் தலைவலி என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன், தலைவலி இல்லை. இவள் ஓட்டிப் பார்ப்பாள், இரண்டு மாசத்தில் கண்டுபிடிப்பாள், தன் பெயரைப் போட்டுக்கொள்வாள், முதல் பெயராகப் போட்டுக்கொள்வாள், நான் மறுபடியும் கடைசிப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் பக்கத்தில் நிற்பேன். எனக்குக் கிடைக்காதது இவளுக்கும் வேண்டாம் என்று நினைத்தேன், அப்படியே இந்த வார்த்தைகளில்தான் நினைத்தேன். பிறகு குலசேகரன் குரலில், கோபமே இல்லாமல், அவளுக்குப் பதில் சொன்னேன். அவள் சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து களியைச் சாப்பிட்டாள். இப்போது அவள் வாய் திறப்பதைப் பார்க்கிறேன். சொல்லிவிடாதே என்று வேண்டிக்கொள்ளக்கூட எனக்கு நேரமில்லை.

என்னைப் பார்த்ததில் இங்கிலீஷ் விட்டுப்போய்த் தமிழுக்கு வந்துவிட்டாள். “மேடம், இத நான் ரெண்டாவது வருசமே உங்ககிட்ட கேட்டேனே. அது செட்டில் ஆயிடுச்சு, அந்த வரியத் தொடாதன்னு நீங்கதான் சொன்னீங்க.” குரலில் குற்றம் சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லை, குழப்பம்தான் இருந்தது. ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. ஆமாம், சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்கடுத்து மே மாத ஓட்டத்தைச் சொல்லியிருப்பேன், பென்டிரைவை எடுத்துக் கொடுத்திருப்பேன், கை பையின் ஜிப்பில்தான் இருந்தது. அதற்குள் குலசேகரன் எழுந்துவிட்டார். பதறவில்லை, எக்ஸாமினர் பக்கம் திரும்பி, நல்ல கேள்வி, கேட்க வேண்டியவர்தான் கேட்டிருக்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னார், பிறகு ஹாலுக்காகத் தமிழில், கையை அகலமாக என் பக்கம் நீட்டி, “இந்த ப்ரோகிராம் ஜெசிந்தா மேடம் எழுதினது. முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் முழுக்க அவங்க வேலை. நான் ஒரு வரிகூடத் தொட்டதில்ல” என்றார். பொய் இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எந்தக் கட்டுரையிலும் சொல்லாததை, எந்த மேடையிலும் சொல்லாததை, நாற்பது பேர் முன்னால் அவ்வளவு தெளிவாகச் சொன்னார். எக்ஸாமினர் என் முழுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார், ப்ரோகிராமில் உள்ள இந்தக் குறையைச் சரிபார்ப்பதை இனி செய்ய வேண்டிய வேலை என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும், பட்டத்துக்கு இது தடையில்லை என்றார். மாதையனுக்கு இதில் எதுவும் புரிந்திருக்காது. பெண் என்னைப் பார்த்து நீங்கதான் சொன்னீங்க என்றாள், பேராசிரியர் எழுந்து நின்று என்னைக் கை காட்டி முழுக்க அவங்க வேலை என்றார், அவ்வளவுதான் அவர் கேட்டது. முகமெல்லாம் மலர என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அந்தக் காய்ந்த கைகளைத் தூக்கிப் பலமாகத் தட்டினார். வைவா முடிந்துவிட்டது என்று நினைத்து ஜூனியர்களும் தட்டினார்கள், அவர்களைப் பார்த்துப் பின்வரிசை தட்டியது, குலசேகரனும் தட்டினார், மேடையில் மாதேஸ்வரியும் கண் கலங்கத் தட்டினாள். நான் பென்டிரைவைக் கைப்பைக்குள்ளேயே விட்டு ஜிப்பை மூடினேன், எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினேன்.